எண்ணெய்க்குள் வைத்த மூளை

ஆயுத பூஜையன்று காலை பதினொன்று முப்பத்தெட்டுக்கு அமிர்தவேணி தன் மகளின் தலையைக் கம்பெனியிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஒரு பொத்தானை அமுக்கினாள், அவ்வளவுதான். அந்தப் பொத்தானை உண்டாக்கத்தான் ஐம்பத்தேழு நாள் பிடித்தது.

"ஏதாச்சும் பண்ணுதா கண்ணு?"

"ஒண்ணும் பண்ணல. பசிக்குது," என்றாள் தன்சிகா.

வேணிக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் திரையைப் பார்த்தாள். சூடு நாற்பத்தாறு. தாமதம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் சரியாக இருந்தன.

தன்சிகாவுக்கு இருபத்திரண்டு வயது. வலது காதுக்கு மேலே, மண்டையோட்டுக்கு உள்ளே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை பதித்திருக்கிறார்கள். வலிப்பு கிளம்பும் முன்பே அது ஒரு சின்ன மின்துடிப்பை விட்டு அமுக்கிவிடும். எப்போது விடுவது என்கிற அறிவெல்லாம் வில்லைக்குக் கிடையாது. அது மூளையின் அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கோ ஓர் ஊரில், மனிதர்கள் குடியிருக்கும் வீடுகளைவிட நன்றாகக் குளிரூட்டிய கட்டடத்தில், கம்பெனியின் இயந்திரங்கள் அவற்றைப் படித்து 'இப்போது' என்று பதில் சொல்லும். எட்டு வருடமாக இப்படித்தான் பிழைப்பு ஓடியது. சிக்னல் இல்லாத ஊருக்குத் தன்சிகா போனதில்லை. குகைக்குள் நுழையும் ரயிலில் ஏறியதில்லை.

இரண்டு மாதம் முன்பு கம்பெனி கைமாறியது. புதிதாக வந்தவர்களுக்கு இந்தச் சேவையால் பிரயோசனம் இல்லை என்று தோன்றிவிட்டது. ஆயுத பூஜையன்று பகல் பன்னிரண்டு மணியோடு நிறுத்துகிறோம், தங்கள் மருத்துவரை அணுகவும் என்று அழகான தமிழில் கடிதம் வந்தது. மருத்துவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். தன்சிகாவுக்கு மாத்திரைகள் கேட்பதில்லை. பதினான்கு வயதில் கடைசியாக வந்த வலிப்பு நாற்பது நிமிடம் நிற்கவில்லை. இன்னொன்று அப்படி வந்தால் பிழைக்கமாட்டாள் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்கள்.

"லேப்டாப்லயே ஓட்டிக்கலாமே?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. அதைக் கேட்டாலே வேணிக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது கடையில் விற்பவற்றுக்குப் பெயர்தான் லேப்டாப். உள்ளே ஒன்றும் கிடையாது. யோசிப்பதெல்லாம் வெளியே நடக்கிறது. சிக்னல் போனால் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். சொந்த மூளையோடு வந்த பழங்காலத்து லேப்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்து ஓட்டியும் பார்த்தாள். ஆறாவது நிமிடத்தில் அதன்மேல் தோசை வார்த்திருக்கலாம்.

ஆகவே அவளே ஒன்றைக் கட்டினாள். கோயம்புத்தூர் கணபதியில் மோட்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் காயில் கட்டும் பட்டறை அவளுடையது. அதற்குமுன் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் மின்பலகைகள் வடிவமைத்தவள். கணவர் தவறிய பிறகு இந்தப் பட்டறையும் இந்தப் பெண்ணும்தான் அவளுக்கு. டிரைவர் இல்லாத லாரி ஒன்று சேலம் ரோட்டில் கவிழ்ந்து, அதன் மூளைப்பலகை உக்கடம் பழைய இரும்புக்கடைக்கு வந்திருந்தது. நாற்பது டன் சரக்கோடு ரோட்டைப் பார்த்து ஓடிய பலகைக்கு ஒரு பெண்ணின் தலையைப் பார்த்துக்கொள்வது முடியாத வேலையில்லை. அதை அலுமினியப் பெட்டிக்குள் அடக்கி, மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை ஒரு முழ ஒயரில் வெளியே தொங்கவிட்டு, சூட்டையும் தாமதத்தையும் காட்ட ஒயரில் ஒரு சின்னத் திரையும், பத்தடிக்குள் இருக்கும் வில்லையோடு பேச ஓர் ஏரியல் ஒயரும் வைத்தாள். கம்பெனியின் நிரலையும் வில்லையின் சாவியையும் ஜெசிந்தா கொடுத்தாள். அவள் அங்கே வேலை பார்த்து, கைமாறியபோது வெளியே அனுப்பப்பட்டவள். செய்தது திருட்டு என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பெட்டி ஒரு தடித்த அகராதி அளவு இருந்தது. பேட்டரியோடு மூன்று கிலோ. முதுகுப்பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அந்த 'எங்கே வேண்டுமானாலும்'தான் வேணியைத் தூங்கவிடவில்லை. தன்சிகா அதற்குள் இடம் பார்த்துவிட்டாள். மன்னார் வளைகுடாவில் ஒரு தீவு, பவளப்பாறை ஆராய்ச்சி நிலையம், மொத்தமே பதினோரு பேர், சிக்னல் கிடையாது. அன்று மாலை ஆறரைக்கு ரயில். விஜயதசமியன்று வேலையில் சேர்ந்தால் நல்லதாம். அம்மாவின் நம்பிக்கையை எடுத்து அம்மாவையே மடக்கியிருந்தாள். வேணி சரி என்று சொல்லியிருந்தாள். மனதுக்குள் ஒருநாளும் சொல்லவில்லை.

பட்டறையைக் கழுவிவிட்டு வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. மாரப்பன் லேத்திலிருந்து ஸ்பானர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்து பெட்டியின் முன்னால் நின்றார். வேணியைவிடப் பத்து வயது மூத்தவர். அவள் பட்டறை போட்ட நாளிலிருந்து கூட இருப்பவர்.

"இது ஓடிட்டிருக்குதுங்களே அம்மிணி?"

"ஓடட்டும்ணா. இதை நிறுத்தப்படாது."

"ஆயுத பூசையும் அதுவுமா எந்த மெஷினும் ஓடப்படாதுங்க. நாளைக்குக் காத்தால கும்பிட்டுப் போட்டுத்தான் தொடோணும். இல்லீன்னா வருசம் பூரா மக்கர் பண்ணும்."

"நிறுத்துனா, திருப்பி ஓட விடப் பதினோரு நிமிசம் ஆகும். அந்தப் பதினோரு நிமிசம் உங்க பாப்பாவுக்கு யாருண்ணா காவல்?"

மாரப்பன் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேண்டாஞ் சாமி, ஓடட்டும். பொட்டாச்சும் வெச்சுப் போடறனுங்க. ஆயுதம் மூளியா இருக்கப்படாது."

"வெச்சுக்குங்க," என்றாள் வேணி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் சரியா என்று கேட்டு ஜெசிந்தா செய்தி அனுப்பியிருந்தாள். அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று நாற்பத்தேழுக்குப் பெட்டிக்குள் விசிறியின் சத்தம் மாறியது. மோட்டார் பட்டறைக்காரிக்கு இந்த மாதிரி சத்தம் காதில் விழாமல் போகாது. மூச்சு முட்டுகிற விசிறி அப்படித்தான் கத்தும். திரும்பினாள்.

மற்ற மெஷின்களுக்கெல்லாம் ஒரு விரல் பொட்டு வைத்த மாரப்பன், பாப்பாவின் உயிரைக் காக்கிற மெஷினுக்கு அது போதாது என்று நினைத்திருக்கிறார். மூன்று விரலால் கனமாகப் பட்டை இழுத்து, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் அப்பி, பூவும் சாத்தியிருந்தார். பெட்டியின் மேல்பக்கம் முழுக்கக் கடுகு அளவுத் துளைகள் போட்ட சல்லடை. அந்தத் துளைகள் வழியாகத்தான் அது காற்றை இழுத்தது. ஒரு துளைகூடத் தெரியவில்லை.

"அண்ணா! என்னத்தப் பண்ணி வெச்சிருக்கீங்க? இதுதான் இது மூச்சு விடற எடம்!"

"மூஞ்சிலயாங்க?" மாரப்பன் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மோட்டாருக்கெல்லாம் காத்து வால் பக்கந்தானுங்களே இழுக்கும்? இது ரேடியோவாட்டப் பாட்டு வர்ற சல்லடைன்னு நெனச்சுப் போட்டனே..."

திரையில் சூடு எழுபத்தொன்று. நூறைத் தொட்டால் பலகை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். லாரிக்கு அது நல்ல குணம்.

வேணி துணியை எடுத்துத் துடைத்தாள். மேலே இருந்தது வந்தது. துளைக்குள் இருந்தது இன்னும் ஆழமாக இறங்கியது. சூட்டில் காய்ந்து சுண்ணாம்புபோல் கெட்டித்துக்கொண்டிருந்தது. ஊசி எடுத்தாள். பத்துத் துளை குத்துவதற்குள் எழுபத்தெட்டு.

"கம்ப்ரசர் காத்து அடிச்சா?" என்றாள் தன்சிகா. எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"அடிச்சா எல்லாம் உள்ளதான் போகும். நீ உக்காரு."

"மூடியக் கழட்டிரலாமே?"

"மூடிலதான் பலகையே தொங்குது. பன்னெண்டு ஸ்குரு. கழட்டுனா அப்பவே செத்துரும். உக்காருன்னு சொல்றனல்ல!"

சூடு ஏற ஏறப் பலகை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. 'இப்போது' என்று சொல்வதில் தாமதம் அரை நொடி. முக்கால் நொடி. ஒரு நொடியைத் தாண்டினால் வலிப்பு வந்தபிறகுதான் துடிப்பு போகும், போயும் பயனில்லை. வேணி ஜெசிந்தாவை அழைத்தாள்.

"ஜெசி, இன்னும் ஏழு நிமிசம் இருக்கு. கம்பெனி லைன் உசிரோடதான இருக்கு? அதுக்கே திருப்பி மாத்திரு."

"முடியாதுக்கா." அந்தப் பக்கத்திலிருந்து ஜெசிந்தா சொன்னாள். "சாவி ஒரு தடவைதான் திரும்பும்னு சொன்னேன்ல. வில்லை இனிமே உங்க பெட்டி பேச்சத்தான் கேக்கும். என்னக்கா ஆச்சு?"

வேணி போனை மேசையில் வைத்தாள். எண்பத்தொன்பது.

"ம்மா," என்றாள் தன்சிகா. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கையின் சுண்டுவிரல் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் அதை யாருடைய விரலோபோல் பார்த்தாள். "இரும்பு கருகுற வாசம் வருது. உனக்கு வருதா?"

பட்டறையில் அன்று சாம்பிராணி வாசனை மட்டும்தான். எட்டு வருடத்துக்கு முன்பு அந்த நாற்பது நிமிடம் தொடங்கியதும் இதே கேள்வியோடுதான். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு. ஐம்பத்தேழு நாள் கட்டியது, பத்து நிமிடத்தில், ஒரு நல்ல மனிதர் ஆசையாக வைத்த பொட்டில் போகப் போகிறது. எதையாவது தூக்கி எறியவேண்டும்போல் இருந்தது. எறிய ஏதாவது தேடிய கண் சுவரோரம் போனது.

அங்கே பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதில் நேற்று ஊற்றிய புது டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்.

"அண்ணா, இந்த ஒயரைப் பிடிங்க. பேட்டரியையும் ஏரியல் ஒயரையும் மேல தூக்கிப் பிடிச்சுக்குங்க. என்ன ஆனாலும் உட்டுராதீங்க."

பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள். உள்ளங்கை பொரிந்தது.

"ம்மா, அதுல போட்டா ஷாக் அடிச்சு..." தன்சிகாவுக்கு வாய் குழறத் தொடங்கியிருந்தது.

"இந்த எண்ணெய்ல கரன்ட் போகாது தங்கம். டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள பதினோராயிரம் வோல்ட்டு இதுலதான் முங்கிக் கெடக்குது. சூடு மட்டுந்தான் போகும்." மகளுக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருந்தால் இந்தப் பேச்செல்லாம் பொய். அதை அவள் சொல்லவில்லை.

ஓடிக்கொண்டிருந்த பெட்டியை எண்ணெய்க்குள் இறக்கினாள்.

அடிப்பக்கத்துத் துளைகள் வழியாக எண்ணெய் குபுகுபுவென்று உள்ளே ஏறியது. காற்றுக் குமிழிகள் வந்தன. விசிறியின் கத்தல் முனகலாகி, ஒரு சோம்பேறிச் சுழற்சியாகிக் காதுக்குக் கேட்காமல் போனது. திரை ஒருமுறை மின்னியது. மாரப்பன் கண்ணை இறுக மூடி ஒயரைப் பிடித்திருந்தார். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு.

தன்சிகாவின் இடது முழங்கை மடங்கியது. தலை ஒரு பக்கம் இழுத்தது.

தொண்ணூறு. எண்பத்திரண்டு. தாமதம் ஒரு நொடியிலிருந்து இறங்கி அரை நொடிக்கு வந்தது, பிறகு கால் நொடிக்கு. திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. பெட்டி 'இப்போது' என்று சொன்னதற்கு அடையாளம் அது. இரண்டாவது புள்ளி. மூன்றாவது.

முழங்கை தளர்ந்தது. தன்சிகா நீண்ட மூச்சு ஒன்றை விட்டாள். "வாசம் போயிருச்சு," என்றாள்.

வேணி தரையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு மகளின் காலைக் கட்டிக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. கம்பெனிக்கும் அவர்களுக்கும் இருந்த உறவு முடிந்தது.

மாரப்பன் ஒயரை ஆணியில் மாட்டிவிட்டுத் தன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டார். "இந்தக் கையாலதான பண்ணிப் போட்டேன். இந்தக் கையாலதான..." வேணி எழுந்து போய்க் கையைப் பிடித்துத் தடுக்கவேண்டியிருந்தது. பிறகு அவர் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

ஒரு மணிக்குச் சூடு நாற்பத்தொன்றில் வந்து நின்றது. வேணி பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எண்ணெய்க்குள் விட்டுச் சல்லடையைத் தேய்த்தாள். எண்ணெயில் ஊறிய சந்தனம் சின்னச் சின்னப் பொருக்குகளாகப் பெயர்ந்து அடியில் படிந்தது. கால் மணி நேரத்தில் எல்லாத் துளைகளும் திறந்துவிட்டன. டார்ச் அடித்தால் உள்ளே பலகை பளிச்சென்று தெரிந்தது. இனி பெட்டியை வெளியே எடுத்து எண்ணெயை வடியவிட்டால், காலையில் ஓடியதுபோலவே ஓடும். அவளுக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இல்லை.

"வெளிய எடுக்கலாமாம்மா?" என்றாள் தன்சிகா பின்னால் நின்றபடி.

"எடுக்க முடியாது கண்ணு." வேணி டார்ச்சை அணைத்தாள். "சந்தனம் உள்ள வரைக்கும் போயிருச்சு. தூக்குனா அடைச்சுக்கும். எண்ணெய்க்குள்ள இருக்கற வரைக்குந்தான் உசிரு."

பொய் இவ்வளவு வழவழப்பாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. தன்சிகா டிரம்மைப் பார்த்தாள். அறுபது லிட்டர் எண்ணெய். அதை யாரும் முதுகில் போட்டுக்கொண்டு தீவுக்குப் போக முடியாது.

"சரி," என்றாள் தன்சிகா. ஒரு கிண்ணத்தில் பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு, ஏரியல் ஒயருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

வேணிக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். பத்து நிமிடத்தில் பெண்ணை இழக்கப் பார்த்தவள் பயப்படக்கூடாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பத்து அடிக்குள் இருந்தால் கண் முன்னால் இருப்பாள். பட்டறையிலேயே வேலை பார்க்கட்டும். எந்தப் பவளமும் எங்கேயும் ஓடிப்போகாது. மூன்று மணி வரைக்கும் இப்படியே தனக்குத்தானே வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்தாள். தன்சிகா ரயில் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதிருந்தாலாவது தேற்றியிருக்கலாம்.

நாலரைக்குப் பட்டறையின் பின்பக்கம் துளைபோடும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஆயுத பூஜையன்று! வேணி எட்டிப் பார்ப்பதற்குள் சத்தம் நின்று மாரப்பன் உள்ளே வந்தார். கையில் பத்து லிட்டர் எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று. மூடியில் மூன்று துளை. ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம். மூடியின் விளிம்பில் பம்ப்செட்டுக்குப் போடும் கேஸ்கட்டை வெட்டி ஒட்டியிருந்தார். சட்டையெல்லாம் இரும்புப் பிசிறு.

"மெஷினத் தொட்டுப் போட்டனுங்க அம்மிணி. சாமி குத்தம் வந்தா எனக்கே வரட்டும்." அவர் போசியைத் தரையில் வைத்தார். "எண்ணெய உட்டு எடுக்கப்படாதுன்னு நீங்க பாப்பாகிட்டச் சொன்னது வெளிய நின்ன எனக்கும் காதுல உளுந்துச்சுங்க. பொட்டி இதுக்குள்ள கச்சிதமா உக்காருமுங்க. அளந்து பாத்துட்டுத்தான் வாங்கியாந்தேன். எண்ணெய் நெரப்பி மூடிப் போட்டா, தலைகீழாப் புடிச்சாலும் ஒழுகாது. பத்துக் கிலோ, மிஞ்சுனா பதினொண்ணு. பாப்பா தூக்கிக்குவா. அங்கிருந்து இங்க மாத்த அரை நிமிசம் ஆகுமுங்களா? அந்த அரை நிமிசம் தாங்காதுங்களா?"

அவர் வேணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்யாத பாவத்துக்குப் பாதியும் செய்த தவறுக்குப் பாதியுமாக அவர் அன்று பகல் முழுக்க வெந்திருக்கிறார் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லண்ணா..." என்று ஆரம்பித்தாள். "அது வெளிய எடுத்தா..."

டிரம்மைப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள் தன்சிகா.

இருவரும் திரும்பினார்கள்.

"ஒரு மணியிலிருந்து நாப்பத்தொண்ணுலயேதான் நிக்குது. சல்லடையும் சுத்தம். நீ டார்ச் அடிச்சப்ப நானும் பாத்தேன்மா."

வேணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பாத்துட்டா பேசாம இருந்தே?"

"நீ எப்பச் சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்." தன்சிகா பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் வேணிக்குத் தாங்கவில்லை. "இத்தனை வருசமா எங்கேயோ ஒருத்தன் எனக்குப் பதிலா எல்லாத்தையும் பாத்து, எனக்கு ஒண்ணுமே காட்டாம முடிவு பண்ணிட்டிருந்தான். அவங்கிட்டருந்து புடுங்கத்தானம்மா இத்தனையும் பண்ணுனே?"

"பயமா இருக்குது கண்ணு."

"எனக்கும்தான்."

"ரயில் போற வரைக்கும் நாஞ் சொல்லாமயே இருந்திருந்தா?"

தன்சிகா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"போயிருக்க மாட்டேன். இங்கயே, இந்த டிரம் பக்கத்துலயே இருந்திருப்பேன்," என்றாள். "ஆனா அதுக்கப்புறம் நாப்பத்தொண்ணுன்னு நீ சொன்னாக்கூட நானே வந்து பாத்திருப்பேன்."

மாரப்பனுக்குப் பாதி புரிந்தது. பாதி புரியாததுபோல் இருப்பதுதான் மரியாதை என்றும் புரிந்தது. போசியில் எண்ணெயை மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். முக்கால் போசி நிறைந்ததும் விலகி நின்று, ஒயர்களைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பெட்டியை எடுக்கத் தன்சிகா குனிந்தாள். "நீ இரு," என்றாள் வேணி. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, பொரிந்த உள்ளங்கையோடு, முழங்கை வரைக்கும் எண்ணெய்க்குள் கையை விட்டாள். அடியில் பெட்டி வெதுவெதுப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. சிறிது நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே தூக்கினாள்.